குருதிச் சுற்றோட்டமும் பரிசோதனை முறையும்

மனித உடலின் தொகுதிகளுள், பரிசோதனையின் பயனை நன்கு விளக்கவல்லது குருதிச் சுற்றோட்டத் தொகுதியாகும். ஈரலில் உண்டாகுங் குருதி உறுப்புக்களிற் சென்று செலவாகிவிடும் என்றார் கேலன் என்னும் கிரேக்க மருத்துவர். பதினான்கு நூற்றாண்டுகளாக ஐரோப்பிய மருத்துவர் பலரும் அதனையே ஓதிவந்தனர்.

இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி கணக்கிட்டுப் பார்த்தார். ஒரு துடிப்பில் இதயம் சிறிதளவு குருதியையே வெளியேற்றுவதாகக் கொள்ளினும், அரைமணி நேரத்தில் வெளியேறுவது உடலிலுள்ள குருதி முழுவதினும் மிகும். உண்ணும் உணவிலிருந்து அவ்வளவும் புதிதாய் உண்டாதல் இயலாது. ஆகவே, சென்ற குருதியே மீளல் வேண்டும்.

இக்கருதுகோளைப் பரிசோதனை உறுதிப்படுத்தியது. மேற்கையை இறுகக் கட்டினார். கட்டின் கீழ் நாடித்துடிப்பு நின்றது. கை வீங்காது மெல்லக் குளிர்ந்தது. கட்டைச் சிறிது தளர்த்தினார். ஆழத்திலுள்ள நாடிவழியே குருதி புகுந்தது. மேலேயுள்ள நாளங்கள் அடைபட்டிருந்தமையால் அது மீளமாட்டாது கை சிவந்து வீங்கிற்று. மாற்றப்பட்டது கட்டின் இறுக்கம் ஒன்றே. ஆதலின் காரணம் ஐயமற விளங்கிற்று.

தம் முடிபுகளை அவர் 1628இல் நூலாக வெளியிட்டார். நாடியையும் நாளத்தையும் இணைக்கும் நுண்குழாய்களை மட்டும் அவர் கண்டிலர். அவர் மறைந்து நான்காண்டின் பின், 1661இல், இத்தாலியரான மல்பீகி தவளையின் சுவாசப்பையில் நுணுக்குக்காட்டி கொண்டு அவற்றைக் கண்டறிந்தார்.

நூலிலுள்ளதை அவ்வாறே ஒப்புவிக்கும் மாணவனுக்குப் புள்ளி கிடைக்கலாம். "இஃது எவ்வாறு தெரிந்தது?" என்று வினாவி, அளந்து பார்ப்பவனுக்கே அறிவு கைகூடும். அவ்வினாவை வகுப்பறையில் வரவேற்றல் ஆசிரியராகிய எங்கள் கடனாம்.