பலகையை விழுங்கிய புதர்

"முன்னே வளைவு" என்று எச்சரிக்கத்தான் சாலையோரப் பலகை. அதைப் புதர் மூடிவிட்டால் பலகை இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன?

தோழர்களே! கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலிருந்து இருட்டோடு வேலைக்குப் புறப்படும் தொழிலாளிக்கும், கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் லாரி ஓட்டுநருக்கும் அந்தப் பலகைதான் காவல். விபத்து நேர்ந்தால் பழி மட்டும் ஓட்டியவன் தலையிலா?

நகரத் தெருவுக்கு நகராட்சி, பெருஞ்சாலைக்கு நெடுஞ்சாலைத்துறை, சிற்றூர்ச் சாலைக்கு ஊராட்சி ஒன்றியம் பொறுப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198-ஏ பிரிவு, பராமரிப்பு விதி மீறலால் உயிர் போனால் பொறுப்பான அமைப்புக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது.

உயிர் போனபின் லட்சம் எதற்கு? போகுமுன் ஓர் அரிவாள் போதுமே! இடத்தைக் குறித்து மனுக் கொடுங்கள்; ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்; வெட்டும்வரை விடாதீர்கள்!