வலிப்பு மருந்தின் அளவு
உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையின் மருந்தியல் துறையினர், 1938 இல் வலிப்பை அடக்குமெனக் கண்டறியப்பட்ட ஃபெனிட்டாயினைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியின் மரபணு தென்னிந்தியரிடையே ஆளுக்கு ஆள் எவ்வாறு மாறுபடுகிறது என்று ஆராய்ந்தது மிக்க பிரயோஜனமுள்ள காரியம். மூளை நரம்பணுக்களின் சோடிய வாயில்களை அடக்கி, கட்டுமீறிப் பாயும் மின் துடிப்பைத் தணிக்கும் இம்மருந்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: அந்த நொதியின் சக்தி எல்லையைத் தொட்டபின், மாத்திரையில் சிறிதே கூட்டினாலும் இரத்தத்தில் மருந்தளவு அபரிமிதமாக ஏறி, கண்மணிகள் ஆட, நடை தள்ளாடும். அதனினும் அபாயம், வெகுநாள் வலிப்பு வரவில்லையே என்ற சந்தோஷத்தில் மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடுவது. ஓயாத வலிப்பு கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள், குறிப்பாக வால்ப்ரோயேட் என்னும் வேறொரு வலிப்பு மருந்தை உட்கொள்வோர், தாமாக எதையும் நிறுத்தாமல், முன்கூட்டியே டாக்டரைக் கலந்துகொள்வது அத்தியாவசியம்.