ஓதம் ஏறும் ஆலயங்கள்

அரக்கோணத்தில் பழைய கட்டடம் எது என்று கேட்டால் பெரும்பாலானோர் ஸ்டேஷன் பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். ரயிலால் வளர்ந்த ஊர். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்துக்கும் வாலாஜா ரோடுக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போக்குவரத்து தொடங்கியது. அந்தத் தண்டவாளம் இந்த வழியாகத்தான் போயிற்று. ஜங்ஷன், ஷெட், ஒர்க்‌ஷாப், விண்டர்பேட்டை, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், அவர்கள் ஞாயிறு தோறும் போன ஆலயங்கள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

ஊரை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் இந்தக் கணக்கு மாறிவிடும். தக்கோலத்தில் 949இல் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். காட்பாடி மார்க்கத்தில் மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு தனிப்பாறையைக் குடைந்து திருமாலுக்கு எடுத்த கோயில், சுமார் 1,400 ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் கல்லில் பெருமையாகப் பொறித்துவைத்தவன் அவன். பராமரிப்புச் செலவைப் பற்றி அவனைப்போல முன்கூட்டி யோசித்த மன்னர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அவன் ஒதுக்கிய அதே பொருள்களை வைத்துத்தான் கம்பெனிக்காரர்களும் மிஷனரிகளும் ரயில்வேக்காரர்களும் இந்தப் பகுதி முழுக்கக் கட்டினார்கள். பிரச்சினை அங்கே தொடங்குகிறது.

வேலூர்க் கோட்டைக்குப் போகிறவர்கள் அகழியைப் பார்ப்பார்கள், ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தின் தூண்களைப் பார்ப்பார்கள். உள்ளேயே இருக்கும் தூய யோவான் ஆலயத்தைப் பலர் கவனிக்காமலே திரும்பிவிடுவார்கள். கோட்டையில் இருந்த கம்பெனிப் படைக்காக 1846இல் கட்டியது. அதாவது சிப்பாய்கள் எழுந்த 1806 ஜூலை 10க்கு நாற்பது ஆண்டு இளையது, ராயபுரம் ரயிலுக்குப் பத்து ஆண்டு மூத்தது. பட்டாளம் போய்விட்டது. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, ஆலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை வழிபாடு நடத்துகிறது. கோட்டைக்குள் இருப்பதால் இதற்கு ஒரு காவல் உண்டு. தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் 2010இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பத் தடை. அதற்கப்பால் மேலும் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. யாரும் அவசரப்பட்டு இடித்துவிட முடியாது.

பக்கத்துக் கோயிலின் கதை வேறு மாதிரி. மூலவர் இல்லாமல் நெடுங்காலம் கிடந்தது. படைக்கலன் வைக்கும் இடமாகவும் இருந்தது. 1981 மார்ச் 16ஆம் தேதி சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள். வழிபாடு திரும்பினால் எண்ணெயும் கற்பூரப் புகையும் கூட்டமும் சேர்ந்துதான் வரும், கல்லுக்கு அது நல்லதில்லை என்பது பாதுகாப்பு வல்லுநர்கள் வழக்கமாகச் சொல்லும் கவலை. அதில் உண்மை உண்டு. ஆனாலும் புழங்கும் கட்டடமே பிழைக்கும் என்பதுதான் என் கட்சி. பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் ஒழுகினால் யாருக்குத் தெரியும்? ஆராதனை நேரத்தில் ஒருவர் தலையில் இரண்டு சொட்டு விழட்டும், பெனடிக்‌ஷன் முடிவதற்குள் கமிட்டிக்காரர் காதுக்குப் போய்விடும். புதுச்சேரியில் கடற்கரையோர மேரி கட்டடம், 19ஆம் நூற்றாண்டு நகராட்சி மன்றம், பழுதாகிப் பூட்டியே கிடந்தது. 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. இன்று அங்கே நிற்பது அதே உருவில் புதிதாகக் கட்டியது.

கோட்டைக்கு வெளியே உள்ள ஆலயங்களுக்கு அந்தக் காவல்கூடக் கிடையாது. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷன், ரயில்வே, கத்தோலிக்க மிஷன்கள் என்று பலரும் அரக்கோணம், ராணிப்பேட்டை, ஆற்காடு, வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் விட்டுப்போன ஆலயங்களும் பள்ளிகளும் பங்களாக்களும் ஏராளம். பெரும்பாலானவை மத்தியத் தொல்லியல் துறைப் பட்டியலிலும் இல்லை, மாநிலத் துறைப் பட்டியலிலும் இல்லை. அவற்றின் தலையெழுத்தை எழுதுவது சபைக் கமிட்டி, அல்லது பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும். இவர்கள் யாரும் ஆலயத்தை அலட்சியம் செய்கிறவர்கள் அல்லர். அறுப்பின் பண்டிகையில் ஏலம் விட்டு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லி, காசு சேர்த்துப் புதுப்பிக்கிறார்கள். நான் பார்த்தவரையில் பழைய ஆலயங்களுக்கு அதிகச் சேதம் வருவது அந்தப் புதுப்பித்தலால்தான்.

ஏன் என்பதற்குச் சுவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1846இல் இந்தியாவில் சிமெண்ட் கிடையாது. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே 1824இல். சென்னையில் 1904இல் கடற்சிப்பியை வைத்துச் சிமெண்ட் செய்து பார்த்தார்கள், நடக்கவில்லை. 1914இல் போர்பந்தரில்தான் இந்தியச் சிமெண்ட் ஆலை கால் ஊன்றியது. ஆகவே அதற்கு முந்தைய நம் கட்டடங்கள் பெரும்பாலும் செங்கல், சுண்ணாம்பு, மணல், மரம். சுண்ணாம்புக் காரை மெல்ல இறுகும். காற்றில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி சுண்ணாம்புக் கல்லாக மாற ஆண்டுகள் பிடிக்கும். இறுகிய பிறகும் அது செங்கல்லைவிட மெத்தென்றே இருக்கும், ஈரத்தை உள்ளே விட்டு வெளியேவும் விடும். அந்தக் காலத்துச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்பு என்று எதுவும் போட்டிருப்பது அபூர்வம். தரையிலிருந்து ஓதம் ஏறும், பூச்சு வழியாக ஆவியாகும், வெயிலில் காயும், அடுத்த மழைக்கு மறுபடி ஏறும். இப்படித்தான் நூறு, நூற்றைம்பது ஆண்டு ஓடியது.

இதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி அடைபடும். சுவருக்குள்ளேயே நின்று, இன்னும் உயரமாக ஏறும். கொத்தனார் மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசிவிட்டுப் போவார். இரண்டு மழைக்காலம் கழித்து ஐந்தடி உயரத்தில் பெயிண்ட் பொரிந்து நிற்கும். உடனே அந்த ஐந்தடிக்கும் டைல்ஸ். அதற்கப்புறம் ஓதம் ஜன்னல் மட்டத்துக்கு வந்து மரச்சட்டங்களைப் பிடிக்கும், செல் அரிக்கும். இத்தனைக்கும் நடுவில் உள்ளே இருக்கும் செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். சிமெண்ட் பூச்சு மட்டும் கெட்டியாக, பார்க்க அழகாக நிற்கும். ஒருநாள் பாளமாகப் பெயர்ந்து விழும்போது செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு வரும். பூச்சு செங்கல்லைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும், சேதம் வந்தால் பூச்சோடு போக வேண்டும் என்பதுதான் அந்தக் காலக் கணக்கு. அதைத் தலைகீழாக்கியதன் பலன் இது.

கூரையிலும் இதே கதை. மெட்ராஸ் டெரஸ் என்கிற மச்சில், தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டிக் கெட்டியாக்குவார்கள். மேலே தட்டோடு. ஒழுகினால் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அந்த ஓட்டை மாற்றினால் போதும். அதற்குப் பதில் மேலே ஒரு கான்கிரீட் தளம் போடுகிறார்கள். பாரம் கூடுகிறது. ஈரம் உள்ளே சிக்குகிறது. சுவருக்குள் செருகியிருக்கும் கட்டையின் முனை, யாரும் பார்க்க முடியாத இடத்தில், மக்குகிறது.

தோல் பதனிடும் இந்த வட்டாரத்துக்கென்று இன்னொரு வில்லங்கமும் உண்டு: உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். தோல் ஷாப்பில் முதல் வேலையே அதைக் கழுவி எடுப்பது. அந்தத் தண்ணீர் பல ஆண்டுகள் எங்கே போனது என்பது ஊரறிந்த சங்கதி. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். குடிநீரும் பாசனமும் கெட்டதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். நிலத்தடி நீர் உப்பேறிய ஊரில் சுவருக்குள் ஏறுவதும் உப்பு நீர்தான் என்பதை யாரும் பேசவில்லை. நீர் ஆவியாகும், உப்பு தங்கும், படிகமாகிப் பருக்கும், பூச்சையும் செங்கல்லையும் உள்ளிருந்து நெட்டித் தள்ளும். போதாக்குறைக்கு, பழுதுபார்க்கும் பூச்சையே அந்தப் போர் தண்ணீரில்தான் குழைக்கிறோம்.

இதில் எனக்கு விசித்திரமாகப் படுவது ஒன்று. பழைய காரையைக் குழைக்க வெறும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். கடுக்காயை உடைத்து ஊறவைத்து, வெல்லம் சேர்த்துப் புளிக்கவிட்டு, அந்த நீரில்தான் சுண்ணாம்பை அரைப்பார்கள். குரோம் வருவதற்கு முந்தைய தோல் பதனிடும் முறையில் என்ன இருந்தது? மயிர் கழற்றச் சுண்ணாம்புக் குழி, பதனிட ஆவாரம்பட்டை, கடைசியில் நிறமும் பதமும் கொடுக்கக் கடுக்காய். சுண்ணாம்பையும் கடுக்காயையும் தொட்டுப் பார்த்தே பதம் சொல்லத் தெரிந்தவர்கள் வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை தெருவுக்குத் தெரு இருந்தார்கள். தோலுக்கு குரோமும் சுவருக்குச் சிமெண்டும் வந்தன. இரண்டு வேலையிலிருந்தும் அந்தக் கைப்பக்குவம் கழன்றுகொண்டது. பட்டைத் தொட்டிகள் வைத்த பழைய ஷாப்புகளும் பாரம்பரியக் கட்டடங்கள்தானே என்று கேட்டால் இங்கே சிரிப்பார்கள். கேட்டுவைக்கலாம்.

அந்தப் பக்குவத்தை மீட்க முடியாது என்றும் சொல்ல முடியாது. சேப்பாக்கம் அரண்மனையை 1768 வாக்கில் கட்டியவர் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா, நம் வாலாஜாபேட்டைக்குப் பெயர் கொடுத்தவர். அதன் கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தது. சுவர் மட்டும் நின்றதை இடித்துத் தள்ளிவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைத்தோம். பொதுப்பணித் துறை அதை மீட்டெடுத்தது. இப்போது பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. அடுத்ததாக ஹுமாயூன் மகாலையும் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று பழைய முறையிலேயே மீட்டது. நவாபின் சென்னை அரண்மனைக்குக் கிடைத்த கவனிப்பில் சிறிதளவு அவருடைய சொந்தச் சீமைக்கும் கிடைத்திருக்கலாம். ஆற்காட்டில் நவாபுகளின் கோட்டையில் சொல்லிக்கொள்ளும்படி மிஞ்சியது பாலாற்றங்கரை டெல்லி கேட் ஒன்றுதான். வேலூர் விஐடியிலேயே பாரம்பரியச் சுண்ணாம்புக் காரையைச் சோதித்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். அறிவு பக்கத்தில்தான் இருக்கிறது, கமிட்டிக் கூட்டம் வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

பணம் இல்லை என்பார்கள். தேவாலயங்களைப் பழுதுபார்க்கத் தமிழக அரசின் நிதியுதவித் திட்டம் 2016 முதல் இருக்கிறது. கட்டடத்தின் வயதுக்கு ஏற்பத் தொகை. ஆனால் அந்த வயதுக் கணக்கு பத்து ஆண்டில் தொடங்கி, இருபதைத் தாண்டியதெல்லாம் ஒரே வகை என்று முடிந்துவிடுகிறது. கான்கிரீட்டில் கட்டிய 21 வயதுக் கட்டடத்துக்கும் மெட்ராஸ் டெரஸ் போட்ட 150 வயதுக் கட்டடத்துக்கும் ஒரே மருந்தா? பணம் வந்தாலும் அது சிமெண்ட் மூட்டையாகத்தான் மாறும். மரபுக் கட்டடங்களுக்கென்று தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 2024இல். இந்தப் பன்னிரண்டு ஆண்டில் எத்தனை ஆலயங்களுக்கு டைல்ஸ் ஒட்டினார்களோ.

சபை பெருகிவிட்டது, பழைய ஆலயத்தில் உட்கார இடமில்லை என்பது நியாயமான வாதம். நூறு பேருக்குக் கட்டியதில் ஆயிரம் பேர் எப்படி உட்காருவார்கள்? பக்கத்தில் புதிதாகக் கட்டுங்கள், பழையதில் காலை ஆராதனையோ ஞாயிறு பள்ளியோ நடத்துங்கள் என்பதற்குமேல் எனக்கு யோசனை தெரியவில்லை. மிஷன் வளாகங்களில் பெரும்பாலும் இடப்பஞ்சம் இல்லை.

பழையதை வைத்துக்கொள்ளத் தேவைப்படும் வேலையோ மிகச் சாதாரணமானது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், மச்சில் ஏறிச் சருகு வார வேண்டும், மழைநீர்க் குழாயில் அடைப்பு எடுக்க வேண்டும். காக்கை எச்சத்தில் விழுந்து முளைத்த அரசங்கன்றை இரண்டு இலையில் பிடுங்கிவிட வேண்டும். ஒரு முழம் வளர்ந்த பிறகு மேலே வெட்டினால் வேர் உள்ளே தடிக்கும். சுவரை ஒட்டி மண் மேடுதட்டாமல், சிமெண்ட் தளம் போடாமல், தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு விட வேண்டும். பழைய ஒயரை மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் திறப்பு விழா கிடையாது. முகப்பில் ஆர்ச் கட்டித் தந்தவர் பெயர் கிரானைட்டில் பொன்னெழுத்தில் நிற்கும். குழாயில் அடைப்பு எடுத்தவர் பெயரை எங்கே வெட்டுவது? நன்கொடை போகும் திசையை இதுவே தீர்மானிக்கிறது.

இங்கிலாந்துத் திருச்சபை இந்தச் சிக்கலை 1955இல் ஒரு விதியால் சமாளித்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வோர் ஆலயத்தையும் தகுதியுள்ள கட்டடக் கலைஞர் ஒருவர் பார்த்து, உடனே செய்ய வேண்டியது எது, தள்ளிப்போடக்கூடியது எது என்று எழுதித் தர வேண்டும். நெதர்லாந்தில் 1973இல் தொடங்கிய மோனுமெண்டன்வாக்ட் அமைப்பின் ஆட்கள் வண்டியில் ஏணியோடு ஊர் ஊராகப் போகிறார்கள். கூரை ஏறிப் பார்த்து, நழுவிய ஓட்டை அங்கேயே சரிசெய்து, அறிக்கை கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். வேலூர்ப் பேராயத்துக்கு இது எட்டாத காரியமா? சுண்ணாம்பு தெரிந்த ஒரு பொறியாளர், கட்டடக் கலை மாணவர்கள் நான்கு பேர், ஒரு ஏணி, நூறு ஆண்டு கடந்த ஆலயங்களின் பட்டியல். அரக்கோணத்திலிருந்து காலை பாசஞ்சரில் கிளம்பினால் சோளிங்கர், வாலாஜா ரோடு, காட்பாடி என்று வரிசையாக இறங்கிப் பார்த்துக்கொண்டே போகலாம். ஒரு முகப்பு ஆர்ச்சுக்கு ஆகும் செலவில் இரண்டு மூன்று மழைக்காலத்துக்கு இந்தச் சுற்றை நடத்திவிட முடியும் என்று நினைக்கிறேன். முதல் பட்டியலை இந்த செப்டம்பருக்குள் எழுதிவிட்டால், அக்டோபர் மழை எந்தெந்த மச்சில் தேங்கும் என்பதாவது முன்கூட்டித் தெரிந்துவிடும்.