மலையேறிய பாட்டுக்குழு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களைத் தாண்டினால் தேவிகுளம். 1958-இல் அங்கே சட்டமன்ற இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக, தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடம் பாட்டுப் பாடி வாக்குக் கேட்டவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன். பழகிய சினிமா மெட்டில் புதிய அரசியல் வரிகளைப் பாடுவது அவர் பாணி.

ரோசம்மா வென்றார்!

வரதராஜனும் தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங்கும் சேர்ந்ததுதான் ‘பாவலர் பிரதர்ஸ்’. இசைத்தட்டு நிறுவனத்தின் துணையின்றி, ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் போய் மேடையேறிய மண்ணின் குழு அது. 1976-இல் ‘அன்னக்கிளி’ படம் வந்தபோது ராசையா, இளையராஜா ஆனார். அமர்சிங்தான் கங்கை அமரன்.

அந்த மேடைப் பாட்டுகளை நேரில் கேட்ட பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களைப் பாடச் சொல்லி இன்றே பதிவு செய்து வையுங்கள், நேயர்களே!