சினை ஆட்டின் கருப்பைக்கு ரத்தம் கூடுவது எப்படி?

ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் செம்மறியாடுகள் மேய்வதைப் பார்த்திருக்கலாம். சினைப்படாத ஆட்டின் கருப்பைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் ரத்தம்தான் போகிறது. சினைக்காலம் சுமார் 147 நாள். ஈனும் நாள் நெருங்கும்போது அந்த ஓட்டம் ஒரு லிட்டரைத் தாண்டிவிடும்! அதற்காக இதயம் 30 மடங்கு வேகமாகத் துடிக்கிறதா? இல்லை, மாணவர்களே. ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அழுத்தம் மாறாமல் ஒரு குழாயின் ஆரம் இரட்டிப்பானால், அதில் ஓட்டம் 16 மடங்காகும். இயற்பியல் பிடிக்காதவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குழாயை விரியச் செய்வதில் முக்கியப் பங்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கு. அமெரிக்க ஆய்வாளர்கள் 1970களில் ஆடுகளின் கருப்பைத் தமனியில் ஓட்டமானியைப் பொருத்தி, ஈஸ்ட்ரோஜனை ஊசியில் செலுத்தினார்கள். ஆடு ஏன்? பிறக்கும் குட்டி ஏறத்தாழ மனிதக் குழந்தையின் எடை. கருவி பொருத்தவும் வசதி.

ஊசி போட்டதும் ரத்த ஓட்டம் கூடவில்லை. சுமார் அரை மணி நேரம் கழித்தே ஏறத் தொடங்கி, 2 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டது. ஏன் இந்தத் தாமதம்? ஹார்மோன் குழாயை நேரடியாக விரிப்பதில்லை. அதன் உட்சுவர்ச் செல்களை வேலை வாங்குகிறது. அவை நைட்ரிக் ஆக்ஸைடு வாயுவை உண்டாக்க, குழாயின் தசை தளர்கிறது. இந்த வாயு ரத்தக் குழாய்களுக்குச் செய்தி சொல்வதைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. புரோஜெஸ்டிரோனோ கருப்பைத் தசையை அமைதியாக வைத்து, சினை கலையாமல் காக்கிறது.

நம்மூர் வெயிலுக்கும் இதில் பங்குண்டு. நீண்ட நாள் கடும் வெப்பத்தில் வாடும் சினை ஆட்டில் கருப்பைக்குப் போகும் ரத்தம் குறையும், நச்சுக்கொடி சிறுக்கும், குட்டி எடை குறைந்து பிறக்கும். ஆகவே ஆடு வளர்ப்பவர் சினை ஆட்டுக்குத் தேடித் தரும் நிழல், குட்டியைத் தராசில் வைக்கும்போது தெரியும்.