படம் ஓடாமல் இருக்க நங்கூரம் போடுங்கள்

கட்டுரையைத் தட்டச்சு செய்து, படங்களைச் செருகி, பக்கங்களை அழகாக அமைத்துவிட்டோம். கடைசி நேரத்தில் இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்க்கிறோம். ஐந்தாம் பக்கத்தில் இருந்த படம் ஆறாம் பக்கத்துக்குப் போய்விடுகிறது. இடுபணி செய்யும் மாணவர் யாருக்கும் இது புதிதல்ல.

நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில், தமிழ் மாணவர் கழகத்தின் ஆண்டு மலருக்குப் பக்கம் அமைப்பது என் பொறுப்பு. விலையுயர்ந்த வடிவமைப்பு மென்பொருள் எங்களிடம் இல்லை, வேர்ட்தான். பட்டம் பெறும் மாணவர்களின் படமும் பெயரும் வரும் பக்கங்களில்தான் எனக்குக் கவலை அதிகம். ஒரு பெட்டி நகர்ந்தாலும் ஒருவர் படத்தின் கீழ் இன்னொருவர் பெயர் வந்துவிடும். பெற்றோர் பத்திரமாக எடுத்து வைக்கும் மலர் அது. அச்சான பிறகு திருத்த வழியில்லை.

படம் ஏன் ஓடுகிறது? வேர்ட்டில் செருகும் படம், வழக்கமாக ஒரு பெரிய எழுத்தைப் போல வரியிலேயே உட்காருகிறது. முன்னால் சொற்கள் கூடினால் அதுவும் சேர்ந்து தள்ளப்படும். இதை மாற்ற, படத்தைச் சொடுக்கி ‘லேஅவுட் ஆப்ஷன்ஸ்’ சின்னத்தைத் திறந்து, ‘ஸ்குவேர்’ போன்ற ஒரு முறையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ‘ஃபிக்ஸ் பொசிஷன் ஆன் பேஜ்’ என்பதை அழுத்துங்கள்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் மிதக்கும் படம் ஒவ்வொன்றும் ஏதாவதொரு பத்தியோடு கட்டப்பட்டிருக்கும். படத்தைத் தொட்டால் தெரியும் நங்கூரச் சின்னம் அந்தப் பத்தியைக் காட்டும். பத்தி அடுத்த பக்கத்துக்குப் போனால் படமும் போகும். பத்தியை அழித்தால் படமும் அழியும். ஆகவே, நங்கூரத்தை இழுத்து அப்பக்கத்தின் தலைப்பில் வையுங்கள். தலைப்புக்கு முன் ‘பேஜ் பிரேக்’ கொடுங்கள். பிறகு, படத்தை நகர்த்தும்போது நங்கூரம் வேறு பத்திக்குத் தாவாமல் இருக்க, ‘லாக் ஆங்கர்’ என்பதைக் குறியிடுங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் இது இன்னும் எளிது. அங்கே படத்தைப் பத்தியோடு கட்டாமல், பக்கத்தோடே கட்ட முடியும். அதன் இடத்தையும் அளவையும் பூட்டவும் வசதி உண்டு.

படத்தையும் பெயரையும் பிரியாமல் வைக்க நான் நம்புவது அட்டவணையைத்தான். ஒரே கட்டத்துக்குள் படத்தை வரியில் வைத்து, அதன் கீழே பெயரைத் தட்டச்சு செய்கிறேன். வரிசையின் உயரத்தை ‘எக்ஸாக்ட்லி’ என்று நிலைநிறுத்தி, உள்ளடக்கத்துக்கு ஏற்பக் கட்டம் தானாக விரியும் வசதியை நிறுத்திவிடுகிறேன். கட்டுக் கோடுகளை மறைத்துவிட்டால் அட்டவணை என்றே தெரியாது.

கோப்பு வேறு கணினிக்குப் போகும்போது இன்னும் இரண்டு சிக்கல்கள் வரும். முதலாவது எழுத்துரு. நம் தமிழ் எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் வேறொன்று அதன் இடத்தைப் பிடிக்கும். எழுத்தின் அகலம் மாறினால் வரிகள் மாறும், பக்கங்களும் மாறும். இரண்டாவது தாள் அளவு. நாம் பயன்படுத்தும் ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். அமெரிக்க ‘லெட்டர்’ தாளோ 279.4 மில்லிமீட்டர்தான். கோப்பு எந்த அளவில் இருக்கிறது என்பதை வேலை தொடங்கும் முன்பே பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் எழுத்துருக்களையும் உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பாக மாற்றி அச்சகத்துக்கு அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கோப்பின் நகலில், முதல் பக்கத்தில் பத்து வெற்று வரிகளைச் சேருங்கள். படங்களும் பெயர்களும் தத்தம் தலைப்புகளை விட்டு அசையாமல் நின்றால், துணிந்து அச்சுக்குக் கொடுக்கலாம்.