லிதியம் செல்லும் வீட்டுச் சாதனங்களும்

ஒரே பருமனும் ஒரே உயரமும் கொண்டு, டபுள் ஏ என்ற ஒரே முத்திரையைத் தாங்கிய மூன்று வகைச் செல்கள் இன்று கடைகளில் விற்பனையாகின்றன. ஒன்று, துத்தநாகமும் கரியும் கொண்டு நம் தாத்தா காலந்தொட்டு டார்ச்சு விளக்குக்குப் போட்டுவரும் சாதாரணச் செல்; மற்றொன்று அல்கலைன் செல்; மூன்றாவது, அவ்விரண்டையும்விடப் பல மடங்கு விலை சொல்லப்படும் லிதியம் செல். விலைக்குத் தக்கபடி உழைப்பும் இருக்கும் என்று நம்பி அதை வாங்கிச் சென்றவர்களில் சிலர் அதைப் புகழ்ந்து பேசுகிறார்கள். சிலர் பணம் வீணாயிற்று என்று வருந்துகிறார்கள். இரு சாரார் அனுபவமும் உண்மையே. ஒரு செல்லிலிருந்து எவ்வளவு வேகமாக மின்சாரத்தை இழுக்கிறோம், அதை எவ்வளவு காலம் சும்மா வைத்திருக்கிறோம் என்ற இரண்டு விஷயங்களே அதன் பிரயோஜனத்தை நிர்ணயிக்கின்றன என்பதால், கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் நம் வீட்டுச் சாதனத்தின் ஸ்வபாவத்தை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

லிதியம் என்ற மூலகத்தை 1817-இல் சுவீடன் தேசத்து ரசாயன அறிஞர் யோஹான் ஆகஸ்ட் ஆர்ஃப்வெட்சன் கண்டறிந்தார். உலோகங்கள் யாவற்றிலும் அது மிக இலேசானது. அதன் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் ஏறக்குறையப் பாதிதான். தன்னிடமுள்ள எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்க அது காட்டும் ஆவலுக்கு இணையில்லை. மின்கலத்தின் எதிர்மின் முனைக்கு இதனினும் உகந்த பொருள் வேறில்லை என்று விஞ்ஞானிகள் வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தபோதிலும், தண்ணீர் பட்ட மாத்திரத்தில் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும் அந்த உலோகத்தை, நீர்க் கரைசலை ஆதாரமாகக் கொண்ட அக்காலத்துச் செல்களில் வைக்க வழியில்லாமல் இருந்தது. நீர் சிறிதும் கலவாத கரிமத் திரவங்களைக் கொண்டு செல் அமைக்கும் வித்தை கைவந்த பிறகே, 1970-களில் லிதியம் செல்கள் வியாபாரப் பொருளாயின.

டபுள் ஏ அளவில் வரும் லிதியம் செல்லுக்குள், சுமார் 1 கிராம் லிதியத் தகடும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் பூசிய மெல்லிய அலுமினியத் தகடும், இடையில் ஒரு நுண்துளைத் திரையோடு பாயைப் போலச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. லிதியத்தோடு பைரைட் சேரும்போது 1.5 வோல்ட்டுக்கு அருகில் அழுத்தம் கிடைப்பதால்தான் பழைய செல்லுக்கு இது மாற்றாக முடிகிறது. தகடுகள் சுருட்டி வைக்கப்பட்டிருப்பதால் அவை ஒன்றையொன்று எதிர்நோக்கும் பரப்பு மிக விசாலமாகிறது. அதனால் செல்லின் உட்தடை குறைந்து, கேட்ட மாத்திரத்தில் மிகுந்த மின்சாரத்தைக் கொடுக்க முடிகிறது. எடையோ சுமார் 15 கிராம். அதே அளவுள்ள அல்கலைன் செல் சுமார் 23 கிராம் இருக்கும்.

இனி உழைப்பைப் பார்ப்போம். 25 மில்லி ஆம்பியர் போன்ற சொற்ப மின்சாரத்தை மெதுவாக எடுத்தால், நல்ல அல்கலைன் செல் 2500 முதல் 3000 மில்லி ஆம்பியர் மணி வரை கொடுத்துவிடும். லிதியம் செல் 3000-த்துக்குச் சற்று மேல் கொடுக்கும். பல மடங்கு விலைக்கு இந்த வித்தியாசம் அற்பம். ஆனால் ஒரு முழு ஆம்பியரை இடைவிடாது இழுத்தால், லிதியம் செல் தன் சேமிப்பில் பெரும்பகுதியை அப்படியே கொடுக்க, அல்கலைன் செல்லோ தன் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுப்பதற்குள் தளர்ந்துபோகும். வாய் குறுகிய குடத்தில் எவ்வளவு நீர் இருந்தாலும் அவசரத்துக்குக் கவிழ்த்தால் கொட்டாததுபோல, அல்கலைன் செல்லில் சரக்கு இருந்தும் வேகமாக வெளிவர வழியில்லை.

ஆகவே சுவர்க் கடிகாரத்துக்கு லிதியம் செல் வாங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். குவார்ட்ஸ் கடிகாரம் இழுக்கும் மின்சாரம் மில்லி ஆம்பியரில் ஒரு சிறு பின்னம். சாதாரணச் செல்லே அதற்கு ஒரு வருஷத்துக்குக் குறையாமல் வரும். டெலிவிஷன் ரிமோட்டும் அந்த ஜாதிதான். 2000-ஆம் ஆண்டையொட்டி வந்த டிஜிட்டல் காமிராக்களும், அவற்றின் பிளாஷ் விளக்குகளும் வேறு ஜாதி. அவற்றில் அல்கலைன் செல்லைப் போட்டுச் சில படங்கள் எடுப்பதற்குள் செல் தீர்ந்துவிட்டது என்று காமிரா அறிவிக்க, அதே செல்லை எடுத்துக் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடியதைப் பலர் கண்டு வியந்திருக்கிறார்கள். லிதியம் செல்லின் கீர்த்தி பெரும்பாலும் அந்தக் காமிராக்களால் பரவியதுதான். தினந்தோறும் செல்லைத் தின்னும் குழந்தைகளின் விளையாட்டுக் கார்களுக்கோ, மறுபடி சார்ஜ் செய்யத்தக்க நிக்கல் செல்லே உத்தமம். ஒருமுறை மட்டும் உபயோகிக்கும் எதையும் அவற்றில் போடுவது பணத்துக்கும் பூமிக்கும் நஷ்டம். லிதியம் டபுள் ஏ செல்லைச் சார்ஜரில் வைப்பது அபாயம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செல்போனில் உள்ள லிதியம் அயன் பாட்டரி வேறு, இது வேறு.

லிதியம் செல்லின் மெய்யான மகத்துவம் காத்திருப்பதில் இருக்கிறது. அல்கலைன் செல்லுக்குள் துத்தநாகம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக் கரைசலில் ஊறிக் கிடக்கிறது. உபயோகிக்காமல் வைத்திருந்தாலும், முற்றும் தீர்ந்த பின்னும், உள்ளே மெல்ல மெல்ல ஹைட்ரஜன் வாயு சேர்ந்து, ஒரு நாள் அடைப்பை நெக்கிக்கொண்டு காரத்தை வெளியே தள்ளுகிறது. ரிமோட்டைத் திறந்தால் ஸ்பிரிங்கின் மேல் பூத்திருக்கும் வெண்மையான படிவம் அதுதான். வெப்பம் மிக மிக இந்தச் சீரழிவும் துரிதமாகும். லிதியம் செல்லில் நீரும் இல்லை, காரமும் இல்லை. கசிவு மிக அபூர்வம். இருபது வருஷம் அலமாரியில் கிடந்தாலும் சக்தியின் பெரும்பகுதி அப்படியே இருக்கும் என்று அதைத் தயாரிப்பவர்கள் உறுதி கூறுகிறார்கள். உறைபனிக்கு நாற்பது டிகிரி கீழேயும் வேலை செய்யும் என்ற அதன் புகழ் கனடாவுக்கும் அலாஸ்காவுக்கும் உதவலாம். கத்திரி வெயிலில் வாடும் நமக்கு அதன் அடக்கமும் நீடித்த ஆயுளுமே பெரிது. ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாட்களுக்கென்று அலமாரியில் வைத்து, வருஷத்தில் பதினோரு மாதம் மறந்துபோகும் டார்ச்சு விளக்கு ஒன்று இருக்குமானால், அதற்காக லிதியம் செல்லுக்குச் செலவிடும் பணம் ஒரு காசும் வீணல்ல.

காத்திருக்கும் இந்தக் குணம் மனித உயிரைக் காத்த கதையையும் சொல்ல வேண்டும். இருதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவிகள் ஆரம்ப காலத்தில் பாதரச பாட்டரியால் இயங்கின. அவை இரண்டு வருஷத்தைக் கடப்பதே அரிதாக இருந்ததால், பாட்டரி மாற்றுவதற்கென்றே நோயாளிக்கு மறுபடி மறுபடி அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. அமெரிக்கப் பொறியியலாளர் வில்சன் கிரேட்பாட்ச் லிதியம் அயோடின் பாட்டரியைப் பேஸ்மேக்கருக்கு உகந்ததாக்கி, அது 1972-இல் இத்தாலியில் முதன்முதலாக ஒரு நோயாளியின் உடலில் வைக்கப்பட்ட பிறகு, அந்தத் துன்பம் பெரிதும் தணிந்தது. அமெரிக்க வீடுகளில் கூரையில் பொருத்தும் புகை எச்சரிக்கைக் கருவிக்கும் இதே நியாயந்தான். செல் தீர்ந்தது என்று அது நள்ளிரவில் கீச்சிடுவதைப் பொறுக்காமல் செல்லைக் கழற்றிவிட்டு, புதியதைப் போட மறந்துவிடுவதே மனித இயல்பு. நெருப்புப் பற்றும் நாளில் கருவி ஊமையாக இருக்கும். அதனால் பத்து வருஷம் உழைக்கும், கழற்ற முடியாத பாட்டரி கொண்ட கருவிகளையே பாட்டரியால் இயங்கும் வகையில் விற்கவேண்டும் என்று நியூயார்க் மாகாணம் 2019 முதல் சட்டமாக்கியிருக்கிறது. அத்தகைய பாட்டரிகள் லிதியத்தால் ஆனவை.

குறை இல்லாமலும் இல்லை. அல்கலைன் செல்லின் வோல்ட்டு சிறிது சிறிதாக இறங்குவதால், டார்ச்சு மங்குவதைக் கண்டு நாம் முன்னதாகவே உஷாராகிறோம். லிதியம் செல் கடைசி வரை ஏறக்குறைய ஒரே வோல்ட்டில் நின்று, பின் திடீரென்று விழுந்துவிடும். பாட்டரியில் செல்லும் மின்னணுப் பூட்டுகள் சில, வோல்ட்டைக் கொண்டே மீதியைக் கணக்கிடுவதால், முழுதும் இருப்பதாகக் காட்டிக்கொண்டே நின்றுபோகக்கூடும். அதனால்தான் அல்கலைன் செல்லையே போடுமாறு சில பூட்டுகளின் விளக்கக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அந்த வாசகத்தை அலட்சியம் செய்யலாகாது.

வட்டக் காசு போன்ற மற்றொரு லிதியம் செல்லைப் பற்றி நான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். சிஆர் 2032 என்று பெயர் பொறித்த அது 20 மில்லிமீட்டர் குறுக்களவும், 3.2 மில்லிமீட்டர் கனமும், 3 வோல்ட்டு அழுத்தமும் உடையது. சர்க்கரை அளக்கும் கருவி, எடை பார்க்கும் இயந்திரம், காரின் ரிமோட் சாவி, கம்ப்யூட்டருக்குள் நேரம் காக்கும் பகுதி என்று எங்கும் அது நிறைந்து, வருஷக்கணக்கில் உத்தமமாக உழைக்கிறது. ஆனால் ஒரு குழந்தை அதை விழுங்கிவிட்டால், அது உணவுக் குழாயில் சிக்கிக்கொள்ள, ஈரமான தசையின் வழியே மின்சாரம் பாய்ந்து எதிர்மின் முனையருகில் காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்துக்குள் சதையை வேகவைத்துவிடும். செல் உடைந்து கசியவேண்டியதுகூட இல்லை. சாதனத்தை ஓட்டச் சக்தியற்றது என்று நாம் கழற்றி மேஜைமேல் போட்ட செல்லிலும், இந்தக் கொடுமையைச் செய்யப் போதிய மின்சாரம் மிஞ்சியிருக்கும். குழந்தை இருமினாலும், எச்சில் வடித்தாலும், சோறு வேண்டாம் என்றாலும், ஜலதோஷம் என்று நினைத்துவிடுவது சகஜம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் ஏற்பட்டாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், உடனே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

செல் வைக்கும் அறையைக் குழந்தை எளிதில் திறக்கமுடியாதபடி அமைக்கவேண்டும் என்று அமெரிக்காவில் 2022-இல் சட்டம் இயற்றினார்கள். வாயில் வைத்ததும் துப்பிவிடும்படி கசப்புப் பூசிய செல்களையும் சிலர் செய்கிறார்கள். சில சாதனங்களில் அந்தப் பூச்சு மின்தொடர்பைத் தடுப்பதுண்டு என்றாலும், குழந்தை உள்ள வீட்டில் அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்வதே நலம். சர்க்கரை பார்க்கும் கருவியில் செல் மாற்றும்போது, திருகாணியால் மூடும் மூடியை இறுக்கிவிட்டு, கழற்றிய பழைய செல்லின் இரு பக்கமும் ஒட்டுநாடா சுற்றி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, பழைய பாட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். குப்பைத் தொட்டியிலும் நெருப்பிலும் போடாதீர்கள்.